மெஷின் சிவப்பாகக் காட்டிய இடம்

எங்கள் லேபில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். டாக்டர் ஹாஜிரா மேடம் பார்க்கத் தவறிய புற்றுநோயைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம். மேடம் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். போன மாதம் பென்ஷன் விஷயமாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடமே இதைச் சொல்லிவிட்டு, “நீங்க அப்போ இருந்தீங்களா சார்?” என்று கேட்டது. இருந்தேன் என்றேன். கதையில் பாதி உண்மை என்றும் சொன்னேன். மீதியைச் சொல்வதற்குள் அதற்குப் போன் வந்துவிட்டது. பாதிக் கதை ஊரில் சுற்றினால் எனக்கு எரிச்சல் வரும். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். என் சொந்தக்காரர்களுக்கே அது கடைசி வரை விளங்கவில்லை. லேப் என்றாலே ரத்தம் எடுக்கும் இடம் என்று நினைத்து, கல்யாண வீட்டில் கையை நீட்டி, “சுகர் எவ்வளவு இருக்கும்னு பாருப்பா” என்பார்கள். நான் ரத்தம் பக்கமே போனதில்லை. ஆபரேஷன் தியேட்டரில் வெட்டி எடுக்கும் கட்டி, மருந்துத் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் எங்களிடம் வரும். அதிலிருந்து டாக்டர் எடுத்துத் தரும் சின்னத் துண்டை மெழுகில் பதித்து, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கட்டியாக்குவோம். அதற்குப் பெயர் பிளாக். அந்த பிளாக்கை, ஒரு தலைமுடியைப் பதினைந்தாகப் பிளந்தால் வரும் கனத்துக்குச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, நீலமும் ரோஜா நிறமுமாகச் சாயம் ஏற்றித் தருவேன். அதுதான் ஸ்லைடு. டாக்டர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதுவார். மனிதருக்குத் தைரியம் சொல்லும் ரிப்போர்ட்டும், தலையில் இடியை இறக்கும் ரிப்போர்ட்டும் அங்கிருந்துதான் போகின்றன.

லால்குடி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல் உண்டு. பள்ளியை அங்கே முடித்து, திருச்சியில் டெக்னீஷியன் படிப்புப் படித்தேன். படிப்பில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வேலையில் சேர்ந்த முதல் வாரமே மறந்துவிடச் சொன்னார்கள். காலையில் லால்குடியிலிருந்து ரயில், சாயங்காலம் பஸ், நடுவில் மெழுகு வாசனை. இப்படியே வருடங்கள் போயின. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது மேடத்தைப் பற்றி. பாலக்கரைக்காரர். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை இருந்தது. அந்தக் காலத்தில் அந்தத் தெருவிலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போன பெண் அவர் ஒருவர்தான் என்று கேள்வி. நான் வேலையில் சேர்ந்த சில வருடங்களில் எங்கள் துறைக்கு வந்தார். சத்தமாகப் பேச மாட்டார், திட்டவும் மாட்டார். சீவியது கசங்கியிருந்தாலோ, சாயம் கூடியிருந்தாலோ, ஸ்லைடைத் தட்டிலேயே திருப்பி வைத்து, “மறுபடி” என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் பயந்த மாதிரி வேறு எந்த அதிகாரிக்கும் பயந்ததில்லை.

அவர் ஸ்லைடு பார்க்கும் விதம் தனி. காலையில் வந்ததும் லென்ஸை ஒரு பழைய மல் துணியால் துடைப்பார். நோயாளியின் பெயரும் வயதும் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஸ்லைடை எடுப்பார். மற்ற டாக்டர்கள் தாளைப் படித்துவிட்டு ஸ்லைடுக்குப் போவார்கள். இவர் ஸ்லைடைப் பார்த்து முடிவு செய்த பிறகுதான் தாளைத் திருப்புவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “பேரு தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும், செல்வராசு. வயசு தெரிஞ்சா இன்னொரு பக்கம் சாயும். முதல்ல செல்லு பேசட்டும், அப்புறம் ஆளைப் பாத்துக்கலாம்” என்றார். எடுத்த எடுப்பில் பெரிதாக்கியும் பார்க்க மாட்டார். சின்ன லென்ஸில் ஸ்லைடு முழுவதையும் ஓரத்திலிருந்து ஓரம் வரை சுற்றி வந்த பிறகுதான் பெரிய லென்ஸ். இளம் டாக்டர்கள் அவசரப்பட்டால், “ஊரைச் சுத்திட்டு வீட்டுக்குள்ள போங்க” என்பார்.

அவர் வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். ஒரு பள்ளிக்கூடப் பையனின் குடல்வால் ஸ்லைடு. எனக்கு மூத்த டெக்னீஷியன் ஒருவர் சீவியது. மேடம் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். “பையனோட குடல்வால்ல கர்ப்பப்பை எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. நடந்தது இதுதான். சீவிய மெல்லிய ஏட்டை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் போனதும் கண்ணாடியில் ஏந்தி எடுப்போம். ஒரு பிளாக் முடிந்ததும் தண்ணீரின் மேல்பரப்பை மெல்லிய காகிதத்தால் துடைத்து எடுக்க வேண்டும். துடைக்காவிட்டால் முந்தைய நோயாளியின் துணுக்கு அதில் மிதந்து, அடுத்தவருடைய ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். அதை நாங்கள் ஃப்ளோட்டர் என்போம். குடல்வாலில் கர்ப்பப்பை வந்தால் யாருக்கும் தெரியும். ஒரு பெண்ணின் மார்புத் துண்டில் இன்னொரு பெண்ணின் புற்றுநோய்த் துணுக்கு ஒட்டிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்வியைக் கேட்டதும் மேடம்தான். அன்று முதல் ஒவ்வொரு பிளாக்குக்கும் தொட்டியைத் துடைப்பது எனக்குக் கண் இமைக்கிற மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் பால் காய்ச்சும்போதுகூட ஏட்டைக் காகிதத்தால் எடுக்கப் பார்ப்பேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

இப்போது மெஷினுக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலத்துக்கு முன், துவாக்குடி பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் பவித்ரா என்பவர் ஓர் ஆராய்ச்சிக்காக எங்களிடம் வந்தார். மார்புப் புற்றுநோய் முதலில் பால் குழாய்களுக்கு உள்ளேயே தோன்றும். குழாயின் சுவரைத் தாண்டாத வரை அது உடம்பில் பரவாது. அந்த இடத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் போதும். சுவரைத் தாண்டிவிட்டால் சிகிச்சையே வேறு. அந்த ஆரம்ப நிலையில் உள்ள செல்களின் படங்களைக் கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் காட்டி, எது உள்ளேயே அடங்கியிருக்கிறது, எது வெளியே வரப் பார்க்கிறது என்று தானே கண்டுகொள்ளப் பழக்குவதுதான் பவித்ராவின் வேலை. எங்களிடம் பழைய ஸ்லைடுகள் அலமாரி அலமாரியாக இருந்தன. அவற்றை ஸ்கேனரில் வைத்துப் படமாக்கினோம். யாருடையது என்று தெரியாதபடி ஸ்லைடு, பிளாக் எல்லாவற்றிலும் புது நம்பர் ஒட்டினோம். எந்த நம்பர் யார் என்கிற விவரம் ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுவிடம் பூட்டி இருந்தது. அதைத் திறக்கக் கூடாது என்பது ஆராய்ச்சியின் முதல் நிபந்தனை.

மெஷின் தனக்குச் சந்தேகமான இடங்களைத் திரையில் சிவப்பாகக் காட்டும். ஆரம்பத்தில் அது பண்ணிய கூத்து கொஞ்சம் இல்லை. டாக்டர்கள் சந்தேகமான இடத்துக்கு நேராகக் கண்ணாடி மேல் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது வழக்கம். மெஷின் செல்லைப் பார்க்காமல் அந்தப் புள்ளியைப் பார்த்துச் சிவப்படித்தது. “இது கேன்சரைப் படிக்கல மேடம், உங்க பேனாவைப் படிச்சிருக்கு” என்று பவித்ரா தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லா ஸ்லைடையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடி ஸ்கேன் செய்தோம். அப்புறம் பார்த்தால், ஸ்லைடுகளை அது இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருந்தது. பவித்ரா நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, சாயம் ஏற்றிய பிறகு எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள் என்று என்னிடம் கேட்டார். குழாயில் காவிரித் தண்ணீர் வந்தால் அதில். வராவிட்டால் போர் தண்ணீரில். போர் தண்ணீரில் நீலம் சற்று அழுத்தமாக விழும். மெஷின் அதைப் பிடித்துக்கொண்டு, அது ஒரு நோய் என்று நினைத்திருக்கிறது. அதையும் சரிசெய்தார். மேடம் இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “புதுசா வர்ற டாக்டரும் இப்படித்தான் தப்பா படிப்பாங்க. திருத்தினா கத்துக்குவாங்க” என்றார்.

அது கற்றுக்கொண்டது. பிறகு தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மெஷின் சிவப்பாகக் காட்டிய இடங்களை மேடம் ஒவ்வொன்றாகத் தம் கண்ணால் பார்ப்பார். பெரும்பாலும் குப்பைதான். எங்கோ ஒரு மடிப்பு, எங்கோ ஒரு காற்றுக்குமிழி. “இல்ல” “இல்ல” என்று சொல்லிக்கொண்டே போவார், பவித்ரா குறித்துக்கொள்வார். ஒரு நாள் “இல்ல” வரவில்லை.

நான் பக்கத்து மேஜையில் ஸ்லைடு அடுக்கிக்கொண்டிருந்தேன். மேடம் திரையை விட்டுவிட்டு, “அந்த ஸ்லைடையே கொண்டு வாங்க” என்றார். எடுத்துக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் வைத்து, வழக்கப்படி முழுவதும் சுற்றிவிட்டு, ஸ்லைடின் ஓரத்தில் ஓர் இடத்தில் நின்றார். அதைவிட்டு அசையவில்லை. ஒரு பால் குழாயைச் சுற்றி நீல நிறத்தில் வெள்ளை அணுக்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய செல்கள். குழாய்க்கு வெளியே. அந்த நம்பருக்கு அப்போது கொடுத்த ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று பவித்ரா திரையில் பார்த்துச் சொன்னார். குழாய்க்குள் அடங்கிய நிலை, வெளியே வந்ததற்கு அடையாளம் இல்லை. அது முந்தின வருடத்து ஸ்லைடு. அந்த வருடம் மார்பு ஸ்லைடுகள் எல்லாம் நான் சீவியவை. ரிப்போர்ட்டுகள் எல்லாம் மேடம் கையெழுத்துப் போட்டவை.

அப்படியென்றால் எங்கோ ஒரு பெண், உனக்கு வெளியே பரவவில்லை, மேல் சிகிச்சை தேவையில்லை என்று நாங்கள் சொன்னதை நம்பி ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறார். அது உண்மையில்லை என்றால் நோய் இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

துறைத் தலைவரைக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், மேடத்தின் மேல் மரியாதை உள்ளவர். பார்த்துவிட்டு, “ஓரமா இருக்கே மேடம். ஃப்ளோட்டரா இருக்கலாம். வேற யாரோடதோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். இந்த ஸ்லைடை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடுவோமே” என்றார். யாரையும் ஏமாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. அப்படி இருக்க வாய்ப்பு உண்டுதான். மேடத்துக்கு அது ஒரு கதவு. திறந்துகொண்டு போயிருக்கலாம்.

நானும் முந்திக்கொண்டு, “ஆமா மேடம், என் தொட்டியில வந்ததா இருக்கும். அன்னிக்கு வேலை ஜாஸ்தியா இருந்திருக்கும்” என்றேன். பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. அப்படி இருக்க வேண்டுமே என்று சொன்னேன். அது ஃப்ளோட்டர் என்றால் எனக்குத்தான் அசிங்கம். அந்தப் பெண்ணுக்கு ஆபத்தில்லை, மேடத்துக்கும் பழியில்லை. என் வேலை சுத்தமில்லை என்று தெரிய வர வேண்டும் என்று நானே வேண்டிக்கொண்ட நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். “உங்க தொட்டி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், செல்வராசு. எனக்காகப் பேசாதீங்க” என்றார். பிறகு தலைவரிடம், “பிளாக்கை மறுபடி சீவிப் பாப்போம் சார். ஃப்ளோட்டரா இருந்தா அடுத்த சீவல்ல இருக்காது. இருந்துச்சுன்னா அது அந்தம்மாவோடதுதான்” என்றார்.

சொல்வது சுலபம். பிளாக்கை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதலில் ரிப்போர்ட்டுக்காகச் சீவியது, பிறகு வேறு பரிசோதனைகளுக்குச் சீவியது எல்லாம் போக, அந்தத் துண்டு நகக் கனத்துக்குத்தான் மிச்சம் இருந்தது. மெழுகுக் கட்டியைச் சீவும் மெஷினில் மறுபடி பூட்டும்போது இம்மி கோணினாலும், முகம் சமமாவதற்குள் நாலைந்து சீவல் வீணாகப் போய்விடும். நாங்கள் தேடும் இடம் அந்த நாலைந்திலேயே போய்விட்டால், பிறகு உலகத்தில் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

புரட்டாசி வெயில். எங்கள் சீவும் அறையில் ஃபேன் போட முடியாது. காற்றில் ஏடு பறந்துவிடும். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினேன். புது பிளேடு போட்டேன். அன்று காலையிலிருந்து வேறு ஒரு பிளாக்கும் அந்த அறைக்குள் வரவில்லை. ஃப்ளோட்டர் என்ற பேச்சுக்கே இனி இடம் இருக்கக் கூடாது என்பது மேடத்தின் உத்தரவு. அவரே வந்து தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை வருடத்தில் அவர் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தலையில் போட்டிருந்த முந்தானை வியர்வையில் நனைந்து நெற்றியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. “நீங்க உங்க ரூம்ல இருங்க மேடம், ஏசி இருக்கு” என்றேன். தொட்டியைக் காட்டி, ஆரம்பிக்கச் சொன்னார்.

பிளாக்கை ஐஸ் மேல் வைத்துக் குளிரவிட்டேன். குளிர்ந்தால்தான் மெழுகு இறுகி ஏடு கிழியாமல் வரும். பூட்டி, பிளேடு முகத்தைத் தொடுகிறதா தொடவில்லையா என்று கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். முதல் சுற்றில் பிளேடு மெழுகை மட்டும் தொட்டது. அடுத்ததில் துண்டின் ஒரு ஓரம் வந்தது. வழக்கமாக அதை ஊதித் தள்ளிவிடுவோம். அன்று அதையும் ஏந்தினேன். அதன் பிறகு முழு ஏடாக வந்தது; ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி நீண்டது. கொஞ்சம் துண்டைப் பிளாக்கிலேயே மிச்சம் வைத்து நிறுத்தினேன். அந்தம்மாவுக்குப் பின்னால் வேறு பரிசோதனை தேவைப்பட்டால் அது வேண்டும்.

சாயம் ஏற்றி, உலர்த்தி, தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். மேடம் ஒவ்வொன்றையும் அதே நிதானத்தோடு பார்த்தார். “இருக்கு” என்றார். அடுத்ததை வைத்தார். “இதுலயும் இருக்கு. உள்ள போகப் போகப் பெருசாகுது” என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதும் அவர் அதோடு விடவில்லை. பால் குழாயின் சுவரில் வரிசையாக ஒரு வகைச் செல்கள் காவல் இருக்கும். அவற்றை மட்டும் பழுப்பாகக் காட்டும் சாயம் ஒன்று உண்டு. அதைப் போடச் சொன்னார். மற்ற குழாய்களைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் மணிமாலை கோத்த மாதிரி நின்றன. நாங்கள் தேடிய செல்களைச் சுற்றி ஒரு புள்ளிகூட இல்லை. அவை சுவருக்கு வெளியேதான் இருந்தன. இனி சந்தேகத்துக்கு இடமில்லை.

அந்தப் பெண் யார் என்று தெரிய வேண்டும். நெறிமுறைக் குழு கூடியது. என்னையும் வெளியே உட்கார வைத்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒருவர், ஆராய்ச்சிக்காகப் பார்த்ததை வைத்து நோயாளியைத் தேடிப் போகக் கூடாது, அது நிபந்தனையிலேயே இருக்கிறது என்றார். இன்னொருவர், மெஷின் காட்டியதையெல்லாம் நம்பி நம்பரைத் திறந்தால் நாளைக்கு நூறு பேரைப் பயமுறுத்த வேண்டி வரும் என்றார். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மெஷினை நம்பி நான் கேக்கல. என் கண்ணால பாத்துட்டுக் கேக்கறேன். நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரிப்போர்ட் தப்பு. அதைத் திருத்தணும். அதுக்கு ஆராய்ச்சி நிபந்தனை ஏன் குறுக்க வருது?” நம்பரைத் திறந்தார்கள்.

ஸ்ரீரங்கத்தில், உத்திர வீதியில் வீடு. அவரைக் கோமளவல்லி என்று இங்கே எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு செக்கப்புக்கு வந்திருக்க வேண்டியவர், வரவில்லை. கொடுத்திருந்த போன் நம்பரில் வேறு யாரோ எடுத்தார்கள். ஆளை அனுப்பிக் கூட்டி வரச் சொல்லலாம் என்றார் தலைவர். “நான் போறேன்” என்றார் மேடம். நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை எங்களுடையது. என்னையும் வரச் சொன்னார். ஆட்டோவில் போனோம்.

கோமளவல்லிக்கு ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். கூடம் முழுக்கப் பாய். மேடம் தாம் யார் என்று சொன்னதும், பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கொடுத்து மாடிக்கு அனுப்பிவிட்டு, “வாங்கோ, உக்காருங்கோ. தீர்த்தம் தரட்டுமா?” என்றார்.

“வேண்டாம்மா. உங்க கட்டியை மைக்ராஸ்கோப்புல பாத்து ரிப்போர்ட் எழுதினது நான்தான்.”

“ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டேளே. பெருமாள் கிருபைன்னு இருக்கேன். செக்கப்புக்கு வரலேன்னு தேடி வந்தேளா? மாமியார் படுக்கையா இருக்கார், அதான் வர முடியலே.”

“அதுக்காக வரல. அன்னிக்கு நான் எழுதினது தப்பு. குழாயை விட்டு வெளிய வரலைன்னு எழுதினேன். வந்திருக்கு. கொஞ்சமாத்தான். ஆனா வந்திருக்கு.”

மாடியில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தம்மா கணக்கு டீச்சர் இல்லையா, கேள்வி கேட்டது அந்த மாதிரியே இருந்தது. “இந்தத் தடவை சொல்றதுதான் சரின்னு எப்படித் தெரியும்?” என்றார். மேடம் மெஷின் காட்டியது, மறுபடி சீவியது, பழுப்புச் சாயம் போட்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பிளாக்கைப் பற்றி நான் சொன்னேன். வேறு யாருடையதாவது மாறி ஒட்டியிருக்கக் கூடாதா என்று அவரே கேட்டார். இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னபோது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

“நீங்க பாத்து விட்டுப்போனதா, இல்லே பாக்கவே இல்லியா?” என்று மேடத்திடம் கேட்டார்.

“பாத்தேன். எனக்குத் தெரியல.”

“ஒரு வருஷம் நிம்மதியா இருந்தேன். அதை நீங்க எனக்குக் குடுத்ததா வெச்சுக்கறதா, எடுத்துண்டதா வெச்சுக்கறதா?”

இதற்கு ஏதாவது ஆறுதல் சொல்லலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். மேடம், “எடுத்துக்கிட்டேன்னுதான் வெச்சுக்கணும்மா” என்றார்.

அந்தம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. “மாமியாரைப் பாத்துக்க யாரையாவது ஏற்பாடு பண்ணிண்டு வரேன். நீங்க போயிட்டு வாங்கோ” என்று எழுந்தார். வாசல் வரை வந்து வழியனுப்பவில்லை. அது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது.

வருவாரோ மாட்டாரோ என்று நாங்கள் இருந்தோம். அந்த வாரமே வந்தார், துணைக்கு யாரும் இல்லாமல். சர்ஜன் பார்த்தார், அக்குளில் சின்னதாக ஒரு நெறி, நோய் வெளியே வந்தால் முதலில் போய்த் தங்கும் முடிச்சு, தட்டுப்பட்டது. மறுபடி ஆபரேஷன், அங்கிருந்து நெறிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஸ்லைடுகளைத் தாம் பார்க்கக் கூடாது, சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று மேடமே சர்ஜனிடம் சொல்லி வைத்திருந்தார். சர்ஜன் அந்தம்மாவிடம் கேட்டிருக்கிறார், அனுப்பட்டுமா என்று. “வேண்டாம். எங்காத்துக்கு வந்தாரே, அவரே பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டாராம்.

இன்று அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். இருக்கிறார். மாத்திரை சாப்பிடுகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொள்கிறார், டியூஷனை விடவில்லை. போன அந்த ஒரு வருடத்தால் என்ன கெட்டது, என்ன கெடவில்லை என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. மேடம் தலையைக் குனிந்துகொண்டு எங்கும் போகவில்லை. வேலைக்காலம் முடியும் வரை அதே நாற்காலியில் இருந்தார். பவித்ராவின் ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்த ஸ்லைடை, மனிதர் தவறவிட்டு மெஷின் காட்டிய இடம் என்றே போடச் சொன்னார். மெஷின் இல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும் என்பதை மேடமே பலமுறை சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சொல்லும் கதையில் அந்தப் பாதி சரி. நான் எழுத நினைத்தது மற்ற பாதியை.

அந்த நெறிகளை நான்தான் சீவினேன். மேடம் ஒரு முழு முற்பகல் அவற்றோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓர் இடத்தைச் சிவப்பாகக் காட்டியது; அதற்கு முன்பே அவர் அங்கே நின்றிருந்தார். “ஒண்ணுல இருக்கு, செல்வராசு. மத்ததுல எல்லாம் இல்ல” என்றார். சர்ஜனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாகத் தாமே அந்தம்மாவுக்குப் போன் செய்தார். நான் தட்டை எடுத்து வைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். விவரம் சொன்னார். ஏதோ கேள்வி வந்தது. “முடியாதும்மா, அதையும் தாண்டிப் போகும்” என்றார். பிறகு போனை வைத்தார்.

“என்ன மேடம் கேட்டாங்க?” என்றேன்.

“பசங்களுக்குப் பரீட்சை வர்றதுக்குள்ள சிகிச்சை முடியுமான்னு கேட்டாங்க. முடியாதுன்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக மேடத்தின் குரல் உடைந்தது. “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னாங்க” என்றார்.